லயத்துக்கு ஒரு கதவிலக்கம்

அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு வியாபாரம் சார்ந்த மின்னஞ்சல் அனுப்புகிறவர், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், கடிதத்தின் அடியில் தமது தபால் முகவரியைப் போட்டாக வேண்டும். அந்த நாடு 2003 இல் கொண்டுவந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. வாசகர் பட்டியல் வைத்து மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் போன்ற சேவைகள் கணக்குத் திறக்கும்போதே அந்த முகவரியைக் கேட்டு வாங்கிவிடுகின்றன. கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு நிமிட வேலை. ஹட்டனுக்கு மேலே ஏதோ ஒரு தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீட்டின் ஐந்தாவது காம்பராவில் வசிக்கும் பட்டதாரிப் பெண்ணுக்கு அது அப்படியல்ல. அவருடைய காம்பராவுக்கு இலக்கம் இல்லை. லயம் நிற்கும் பாதைக்குப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர், அருகிலுள்ள ஊரின் பெயர் என்று மூன்று வரிகள் எழுதலாம். அதே மூன்று வரிகளைத்தான் அந்த டிவிஷனில் உள்ள அத்தனை குடும்பங்களும் எழுதுகின்றன.

இணையத்தில் உழைத்துச் சம்பாதிக்கலாம் என்று மலையக இளைஞர்களுக்குச் சொல்லாதவர் இன்று இல்லை. பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, சான்றிதழ்களும் கொடுக்கிறார்கள். அந்த உழைப்பின் முதல் படியிலேயே ஒரு தபால் முகவரி தேவைப்படுகிறது என்பதையும், அந்த முகவரி தோட்டத்தில் பிறந்தவருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதையும் யாரும் பேசுவதில்லை. மற்றப் பயிற்சிகளுக்கு முன்னால் தீர்க்க வேண்டியது இதுதான்.

மின்னஞ்சல் பட்டியல் என்பது என்ன? ஒரு விஷயத்தில் அக்கறையுள்ளவர்கள் "எனக்கு எழுதுங்கள்" என்று தாங்களாகவே கொடுத்த முகவரிகளின் தொகுப்பு. பேஸ்புக் பக்கத்தில் பத்தாயிரம் பேர் இருக்கலாம். ஆனால் ஒரு பதிவு அவர்களில் எத்தனை பேர் கண்ணில் படும் என்பதை பேஸ்புக்தான் தீர்மானிக்கிறது. ஒரு நாள் கணக்கு முடக்கப்பட்டால் பத்தாயிரமும் போய்விடும். மின்னஞ்சல் பட்டியலை அதை உருவாக்கியவர் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு சேவை பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லலாம். கையில் முதல் இல்லாதவருக்கு இது சின்ன விஷயமல்ல. எழுத்தும் பொறுமையும் இருந்தால் போதும், முதல் சில நூறு பெயர்கள் வரை பல சேவைகள் காசு கேட்பதில்லை. தென்காசி அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனமும் இத்தகைய மென்பொருளை விற்கிறது. நகரத்துக்கு வெளியே இருந்துகொண்டு இந்தத் தொழிலைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு பொருளையோ சேவையையோ பரிந்துரைத்து, அந்த இணைப்பின் வழியே யாராவது வாங்கினால் கிடைக்கும் கொமிஷன்தான் அஃபிலியேட் வருமானம். 1996 ஜூலையில் அமேசன் தொடங்கிய திட்டம் இதை உலகமெங்கும் பரவச் செய்தது. இந்த வழியில் பெரிதாக வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பிரயன் லாம் என்பவர் 2011 இல் தொடங்கிய வயர்கட்டர், பொருட்களை ஒப்பிட்டுச் சோதித்து எழுதி, வாசகர் வாங்குவதில் வரும் கொமிஷனில் வாழ்ந்தது. 2016 இல் நியூயோர்க் ரைம்ஸ் அதை 3 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. ஒரு பொருள் மோசமென்றால் மோசம் என்றே எழுதியதால்தான் வாசகர் அதை நம்பினார்கள்.

ஆனால் கணக்கைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கனவு காணக்கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு அமேசன் தரும் கொமிஷன் 4.5 வீதம், மளிகைப் பொருளுக்கு 1 வீதம். 15 டொலருக்கு ஒரு பெட்டி நுவரெலியாத் தேயிலை அங்கே விற்றால், பரிந்துரைத்தவருக்கு வருவது 15 சென்ற். நம்மூர்க் காசில் நாற்பத்தைந்து ரூபாய் அளவில். அதுவும் இணைப்பைத் தட்டிய 24 மணி நேரத்துக்குள் வாங்குபவர் பொருளைக் கூடையில் சேர்த்தால்தான். சேர்ந்து 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். மின்னஞ்சலுக்குள் இந்த இணைப்புகளைப் போடுவதற்கும் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடும். அதைப் படிக்காமல் இறங்கியவர்களின் கணக்குகள் சேர்ந்த காசோடு முடங்குகின்றன.

அப்படியானால் மலையகத்துக்கு இதில் என்ன இருக்கிறது? பிறர் கையில் இல்லாத அறிவு இருக்கிறது. சிவனொளிபாத மலைப் பருவத்தை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை லட்சக்கணக்கானோர் ஏறுகிறார்கள், வெளிநாட்டவரும் நிறையப் பேர். ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியபின் மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு எந்த நேரத்துக்குப் பஸ் கிடைக்கும், விடியலைப் பார்க்க வேண்டுமானால் இரவு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும், மழை இறங்கினால் எந்த இடத்தில் படி வழுக்கும், போயா விடுமுறையோடு வாரக்கடைசியும் சேர்ந்தால் எவ்வளவு நெரிசல் என்பதையெல்லாம் மஸ்கெலியாவில் வளர்ந்த இளைஞர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அதை வாரம் ஒரு கடிதமாக, தெளிவான ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினால் படிக்க ஆள் இருக்கிறது. கடிதத்தில் தாம் நேரில் போய்ப் பார்த்த தங்குமிடங்களை மட்டும் பரிந்துரைக்கலாம். ஓர் இரவுக்கு 20 டொலர், கொமிஷன் 4 வீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பதிவுக்கு 80 சென்ற். பத்துப் பேர் பதிந்தால் 2,400 ரூபாய் அளவில் கிடைக்கும். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஆக அந்தப் பத்துப் பதிவும் இரண்டு நாள் சம்பளத்துக்குக்கூட எட்டவில்லை. மூன்று நான்கு பருவம் விடாமல் எழுதி, பட்டியல் ஆயிரக்கணக்கில் வளர்ந்தால்தான் இது குடும்பத்துக்கு உதவும் தொகையாகும். இந்த உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் இளைஞர்களை இதற்கு அழைக்க வேண்டும்.

தேயிலையிலும் இடம் இருக்கிறது. 1883 ஜூலை 30 இல் கொழும்பில் முதல் ஏலம் நடந்த நாளிலிருந்து, மலையில் பறித்த கொழுந்து பெரும்பாலும் தரகர் வழியாகவும் ஏற்றுமதியாளர் வழியாகவுமே குடிப்பவரைச் சென்றடைகிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவின்போது ஏலம் கணினிக்கு மாறியது. பறித்தவருக்கும் குடிப்பவருக்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் குறையவில்லை. குடிப்பவரின் பெயரும் விருப்பமும் எவர் கையில் இருக்கிறதோ, லாபமும் அவர் கையில்தான் நிற்கிறது. மெரில் ஜே. பெர்னாண்டோ டில்மா என்ற பெயரில் இலங்கைத் தேயிலையை இங்கேயே பொதி செய்து நேராக அந்நியக் கடைத்தட்டுகளுக்குக் கொண்டுபோனது அதைப் புரிந்துகொண்டதால்தான். எல்லவுக்கு அருகே அம்பா தோட்டம் கையால் உருட்டிய தேயிலையை நேரடியாக விற்று, வருமானத்தில் பத்திலொரு பங்கை வேலை செய்வோருக்குப் பகிர்கிறது. இத்தகைய சிறு உற்பத்தியாளர்கள், தங்களுக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவரும் மலையக எழுத்தாளருக்கு நேரடியாகக் கொமிஷன் தர முன்வரலாம். அமேசனின் ஒரு வீதத்தைவிட அது இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை நுவரெலியாவில் பனியும் காய்ந்த காற்றும் சேரும்போது கொழுந்தின் வாசம் ஏன் மாறுகிறது என்பதை, அந்தக் குளிரில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் எண்ணும் இடத்துக்கு) போன தாயின் மகள் எழுதினால், அந்தக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு எந்த விளம்பர நிறுவனத்தின் எழுத்துக்கும் வராது.

பெயர்ப் பட்டியலும் கொமிஷனும் இந்த மலைக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த பெரிய கங்காணி, தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் சில சதம் என்று தோட்டத்திடம் தலைக்காசு வாங்கினார். வழிச்செலவும் முற்பணமும் அந்தத் தொழிலாளி தலையில் கடனாக ஏறின. கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் கைமாறுவார். 1921 இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. பட்டியலில் இருந்தவர்களின் சம்மதத்தை எவரும் கேட்டதில்லை. அவர்கள் பெயரால் யார் எவ்வளவு பெற்றார் என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை.

அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று தாமே ஒரு பட்டியலை வைத்திருக்கத் தொடங்கும்போது, சம்மதமும் வெளிப்படையும் அவர்களுக்கு வெறும் சட்ட விதிகளாக இருக்க முடியாது. "இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கொமிஷன் கிடைக்கும்" என்று கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். அமெரிக்க விதியும் இதைத் தெளிவாகத் தெரியும்படி சொல்லக் கேட்கிறது. விலக விரும்புபவருக்கு ஒரே தட்டில் விலகும் வழி இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயிலும், மொத்தமாக அனுப்புவோருக்கு யாகூவும் 2024 இல் இதைக் கட்டாயமாக்கின. ஐம்பது பேருக்கு அனுப்புகிறவரும் இதைச் செய்வதே முறை. சந்தையில் விலைக்கு வரும் முகவரிப் பட்டியலை வாங்கவே கூடாது. இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் கேட்டே செய்தி அனுப்பச் சொல்கிறது.

பழைய தலைக்காசு இன்று வேறு உடையில் மலையேறி வருவதையும் சொல்லாமல் விட முடியாது. "அஃபிலியேட்" என்ற பெயரில் வட்ஸ்அப் குழுக்களில் வருபவை பல பிரமிட் திட்டங்கள்தான். முதலில் நீங்கள் பணம் கட்ட வேண்டும், பிறகு நான்கு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் கட்டும் பணத்தில் உங்களுக்குப் பங்கு. 2023 ஆகஸ்டில் சரிந்த எம்.டி.எஃப்.ஈ. என்ற பிரமிட் திட்டம் இலங்கையிலும் பங்களாதேஷிலும் நைஜீரியாவிலும் ஏராளமானோரின் சேமிப்பைக் கொண்டுபோனது. இலங்கை மத்திய வங்கி வெளியிட்ட தடைப்பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. அடையாளம் காண்பது கடினமல்ல. உண்மையான அஃபிலியேட் திட்டத்தில் சேர ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை, ஆட்களைச் சேர்ப்பதற்காகக் காசு கிடைப்பதும் இல்லை. ஒரு பொருள் உண்மையில் விற்றால் மட்டுமே கொமிஷன். பாடசாலைகளில் இதை ஒரு பாடவேளையில் சொல்லிவிடலாம். சொல்லாததால் அடகுக்குப் போன நகைகள் எத்தனையோ.

இனி முகவரிக்கு வருவோம். உழைத்துச் சேர்த்த கொமிஷனை வாங்கும் இடத்தில் அது மறுபடி குறுக்கே நிற்கிறது. பேபால் வழியே பணம் பெறும் வசதி இலங்கையருக்குப் பல ஆண்டுகளாகக் கிடைக்காததால், பெரும்பாலோர் பயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாகத் தங்கள் வங்கிக் கணக்குக்கு எடுக்கிறார்கள். இத்தகைய சேவையும் வங்கியும் வசிப்பிடச் சான்று கேட்கும்போது, மின்சாரப் பட்டியல் தம் பேரில் இல்லாத லயத்துப் பிள்ளை என்ன காட்டுவது? கூகுளின் விளம்பரச் சேவையான அட்சென்ஸ் இன்னும் நேரடியானது. விளம்பர வருமானம் 10 டொலரைத் தொட்டதும் ஒரு இரகசிய இலக்கத்தைக் காகிதத்தில் அச்சிட்டுத் தபாலில் அனுப்புகிறது. நான்கு மாதத்துக்குள் அந்த இலக்கத்தைப் பதியாவிட்டால் விளம்பரம் நிறுத்தப்படும். அந்தச் சிறு கடிதம் உப தபாலகத்துக்கு வந்து, தப்பால் பையில் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கே மேசையில் கிடந்து, அந்தப் பக்கம் போகும் யாரோ ஒருவர் கையில் லயத்துக்கு வர வேண்டும். ஒரே டிவிஷனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது சாதாரணம். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்தபின் வந்ததும், வங்கிக் கடிதம் பிரித்த நிலையில் கிடைத்ததும் மலையகத்தில் எல்லாரும் அறிந்த கதைகள். இப்போது அந்த வரிசையில் உழைப்பின் கூலியும் சேர்ந்துவிட்டது.

லயங்களுக்கு முகவரி கொடுக்கச் சட்டத் தடை இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவிட முடியாமலிருந்த நிலை 2018 இல் செய்த சட்டத் திருத்தத்தோடு மாறியது. நுவரெலியா மாவட்டத்தில் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் வந்தன. 2023 இல், மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்த 200 ஆவது ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்து போனார்கள். காணியும் வீடும் அவர்களின் நெடுநாள் கோரிக்கை, அதைக் கொடுக்கக் காலமெடுக்கும் என்று அரசு சொல்லலாம். வாசலில் ஒரு இலக்கத்தை எழுதக் காணி உறுதிப்பத்திரம் தேவையில்லை. சபை ஒவ்வொரு லயத்துப் பாதைக்கும் பெயரிட்டு, ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம் கொடுக்கட்டும். கிராம சேவகர் அந்த இலக்கத்தை வாக்காளர் இடாப்பிலும் வசிப்பிடச் சான்றிலும் எழுதட்டும். தபால் திணைக்களம் தோட்ட ஆபீசோடு நின்றுவிடாமல் வாசல்வரை வர ஆள் நியமிக்கட்டும். அது முடியாத டிவிஷன்களில், ஆபீசுக்கு வெளியே வீட்டுக்கொன்றாகப் பூட்டுள்ள தபால் பெட்டிகளை வைக்கட்டும். தோட்டக் கம்பெனிகள் இதற்கு மறுப்பின்றி எழுத்தில் சம்மதம் தரட்டும்.

அடுத்த சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பரில் தொடங்கும். அதற்குள் நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ ஒரு டிவிஷனிலாவது இந்த வேலையைத் தொடங்கி, அங்கே கொடுத்த இலக்கத்தை வங்கிகள் வசிப்பிடச் சான்றாக ஏற்கும்படி மத்திய வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.