சூழல் மாறியா, ஊர்ப் பொதுக் கிணறா?

புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும். நிரலைப் பத்துக் கோப்புகளாகப் பிரித்து எழுதியாயிற்று. பத்துக்கும் ஒரே மதிப்பு தேவைப்படுகிறது, உதாரணத்துக்கு வரி விகிதம். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அதைக் கையில் கொடுத்தனுப்ப அலுப்பு. குளோபல் வேரியபிள் வைத்தால் வாத்தியார் திட்டுவார். அப்போதுதான் ஒரு நண்பர் வந்து சேருவார்: "என்விரான்மென்ட் வேரியபிள்ல போட்ரு மச்சி, எங்கருந்து வேணும்னாலும் எடுத்துக்கலாம்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது குளோபல் வேரியபிளை ஒழிக்கிற வேலை இல்லை. அதே ஆளுக்கு வேறு சட்டை மாட்டிவிடுகிற வேலை. சில இடங்களில் அதைவிட மோசம்.

1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்தவை இந்தச் சூழல் மாறிகள். ஒரு நிரல் இன்னொரு நிரலைத் துவக்கும்போது, பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தனுப்புகிறது. கொடுப்பது பட்டியலின் நகல்! பி.காம். மாணவர்களுக்குக் கிளைக் கணக்கு என்று ஒரு பாடம் உண்டு. தலைமை அலுவலகம் ஒரு கிளையைத் திறக்கும் நாளில் விலைப்பட்டியலை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் போனே செய்யாமல் இருந்தால் எப்படி? அதுதான் இது. கிளை தன் நகலில் அடித்துத் திருத்தினால் தலைமைக்குத் தெரியாது. தலைமை புதுப் பட்டியல் போட்டால் கிளைக்குத் தெரியாது.

வரி விகிதம் 12 என்று வைத்து பில் அடிக்கும் நிரலை ஓடவிட்டாயிற்று. மதியம் அதை 18 ஆக்கினார்கள். கணக்கு எழுதும் நிரலை நிறுத்தித் துவக்கியதால் அது 18-ஐ எடுத்துக்கொண்டது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பில் நிரலோ 12-லேயே நிற்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாலையில் கணக்கு உதைக்கும்போதுதான் தெரியும்.

இன்னொரு சங்கடம், இதில் போடுவதெல்லாம் வெறும் எழுத்து. தள்ளுபடி வேண்டாம் என்று 0 போட்டால், அதை எண்ணாக மாற்றாமல் சோதிக்கும் பைத்தான் நிரலுக்கு அது 'ஏதோ ஒன்று இருக்கிறது'. ஆகவே எல்லாருக்கும் தள்ளுபடி! பிஎச்பியும் பெர்லும் அதே 0-வை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். ஆளுக்கொரு நியாயம்.

சரி, ஒரே நிரலுக்குள் பயன்படுத்தினால்? அப்போது அது நிஜமாகவே குளோபல் வேரியபிள்தான், அதுவும் பூட்டில்லாத ஒன்று. ஒரு த்ரெட் படிக்கும் நேரத்தில் இன்னொன்று மாற்றினால் நிரலே விழலாம். ரஸ்ட் மொழி தன் 2024 பதிப்பில், சூழல் மாறியை மாற்றும் ஃபங்ஷனை 'பாதுகாப்பற்றது' என்றே முத்திரை குத்திவிட்டது.

பெயர் மோதல் தனிக் கதை. இணைய சர்வர்களில் சிஜிஐ என்று ஒரு பழைய முறை. வருகிற கோரிக்கையின் தலைப்புகளை, முன்னால் 'எச்டிடிபி' சேர்த்துச் சூழல் மாறிகளாக்கி நிரலுக்குக் கொடுக்கும். யாராவது 'புராக்ஸி' என்று ஒரு தலைப்பை அனுப்பினால் அது 'எச்டிடிபி_புராக்ஸி' ஆகிவிடும். வெளியே போகும் தகவலை எந்த இடைச் சர்வர் வழியாக அனுப்புவது என்று பல லைப்ரரிகள் பார்ப்பதும் இதே பெயரைத்தான்! ஆக, முகம் தெரியாத ஒருவர் வெளியிலிருந்தே அந்தப் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள வழி பிறந்தது. 2001-லேயே ஒரு பெர்ல் லைப்ரரியில் கண்டுபிடித்துத் திருத்திய ஓட்டை இது. பதினைந்து வருடம் கழித்து, 2016 ஜூலையில், பிஎச்பி, கோ, பைத்தான் என்று பலரையும் பிடித்து ஆட்டியது. பொதுக் கிணற்றில் யார் வாளி விடுகிறார்கள் என்று யார் பார்த்தது?

இதற்கு ஆதரவாளர்கள் 2011 வாக்கில் ஹெரோகு நிறுவனத்தார் எழுதிய 'பன்னிரண்டு அம்ச' விதிகளைக் காட்டுவார்கள். அமைப்பு விவரங்களைச் சூழலில் வை என்று அது சொல்வது உண்மைதான். டேட்டாபேஸ் முகவரி, கடவுச்சொல் போல இடத்துக்கு இடம் மாறுகிறவற்றை நிரலுக்குள் எழுதாதே என்பது அதன் அக்கறை. நிரலின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அதைப் பயன்படுத்து என்று அது எங்கே சொன்னது? கடவுச்சொல்லிலும் ஒரு வில்லங்கம் பாக்கி இருக்கிறது. தனியாகத் தடுக்காவிட்டால், படத்தைச் சின்னதாக்க அழைக்கும் குட்டி நிரலுக்கும் அந்தக் கடவுச்சொல்லின் நகல் போய்ச் சேரும்.

பத்து வரி ஸ்கிரிப்ட்டுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம்தான். கொஞ்சம் பெரிய நிரல் என்றால், துவக்கத்தில் ஒரே ஒரு முறை படித்து, எண்ணை எண்ணாக்கி, இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி, அதன்பின் சாதாரண மதிப்பாக ஃபங்ஷன்களுக்குக் கொடுத்தனுப்பலாம். அலுப்புதான், ஆனால் யார் எதை வாங்கினார்கள் என்பது எழுத்தில் தெரியும். வரி விகிதம் மாதிரி நடுவில் மாறுகிற சமாசாரம் டேட்டாபேஸில் இருக்கட்டும், எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்ற விவரத்தோடு.