வண்டி கிளம்புகிறது, நிற்குமா?

பழைய மோட்டார் சைக்கிளை விலை பேச வருகிறவர் முதலில் என்ன செய்கிறார்? எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிறார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டால் அவருக்குப் பாதி திருப்தி. சைலன்சரில் புகை இல்லையென்றால் மீதித் திருப்தியும் வந்துவிடும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்டுக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது, செயின் எவ்வளவு தொங்குகிறது, ஹேண்டில் இரு பக்கமும் தடையின்றித் திரும்புகிறதா என்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

வண்டியின் நம்பகம் என்றால் எஞ்சினின் நம்பகம் என்றே நாட்டில் பொருளாகிவிட்டது. இதில் வியப்பில்லை. ஓசூரிலும் சென்னையிலும் புனேயிலும் செய்யப்படும் எஞ்சின்கள் நேரத்துக்கு ஆயில் மாற்றினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. அந்த உழைப்பே மற்றக் குறைகளை மறைத்துவிடுகிறது என்பதுதான் சங்கடம். எஞ்சின் கெட்டால் வண்டி வாசலிலேயே நின்றுவிடும், யாருக்கும் ஆபத்தில்லை. பிரேக் கெட்ட வண்டியோ வழக்கம்போலக் கிளம்பும். நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்காது.

சட்டத்தில் உள்ள இடைவெளி

வாடகைக்கு ஓடும் வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கட்டாயம். எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் அவை சோதனைக்குச் செல்ல வேண்டும். சொந்த உபயோகத்துக்கான மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் இந்த விதி இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அவற்றின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகே வண்டியைக் காட்டி ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும்.

இடைப்பட்ட 15 ஆண்டுகளில் சட்டம் கேட்பது புகைச் சான்று ஒன்றைத்தான். அங்கே கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றன. பிரேக்கை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. விற்கும்போதாவது சோதனை உண்டா என்றால் அதுவும் இல்லை. பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்ற எண்ணுள்ள படிவங்கள் இருக்கின்றன. டயரின் நிலையைக் கேட்கும் கட்டம் அவற்றில் கிடையாது.

அதே சட்டத்தின் 190-ஆவது பிரிவு, வண்டியில் உள்ள ஆபத்தான குறை சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்கக்கூடியதாக இருந்தால் அதை ஓட்டுவது குற்றம் என்கிறது. சரியான விதிதான். ஆனால் அந்தச் சாதாரணக் கவனத்தைச் செலுத்த வைக்கும் ஏற்பாடு ஒன்றும் சட்டத்தில் இல்லை. குறை இருப்பது விபத்துக்குப் பிறகுதான் தெரிய வருகிறது.

எவை கெடுகின்றன?

ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் விற்பவர்களையும் மூலைக்கடை மெக்கானிக்கையும் கேட்டால் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். பிரேக் ஷூவும் பேடும் தேய்வது முதலாவது. தேயத் தேய ஓட்டுகிறவர் தம்மை அறியாமலே சற்று முன்னதாகவும் சற்று அழுத்தியும் பிடிக்கப் பழகிவிடுவதால் குறை அவருக்குத் தெரிவதில்லை. அடுத்தது பின் பிரேக் விளக்கு. பெடலோடு சேர்ந்த சிறிய சுவிட்சில் சேறு ஏறினால் விளக்கு எரியாது. இது ஓட்டுகிறவர் கண்ணில் படாது, பின்னால் வருகிறவருக்குத்தான் ஆபத்து.

செயின் நீண்டு, ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல வளைந்துவிடுகின்றன. பெங்களூரின் பள்ளங்களிலும் வேகத்தடைகளிலும் தொடர்ந்து இடிபடுவதால் ஹேண்டிலுக்கு அடியில் உள்ள கோன் செட்டில் குழி விழுகிறது. அப்போது ஹேண்டில் நடுவில் ஓரிடத்தில் சிக்கிச் சிக்கித் திரும்பும். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் கிழிந்தால் எண்ணெய் வழிந்து பிரேக்கையும் நனைக்கும். டயரின் பள்ளங்களுக்கு நடுவே தேய்மான அடையாளமாக வைத்த மேடு டயரோடு சமமாகிவிட்ட பிறகும் ஒரு மழைக்காலம் ஓட்டுவோர் உண்டு. போதாக்குறைக்கு, கண்ணாடியைக் கழற்றிவிடுவதும், எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை விளக்கைப் பொருத்துவதும் நாகரிகமாகிவிட்டன.

இவற்றில் எதுவும் பெரிய செலவு பிடிக்கும் பழுது அல்ல. பிரேக் ஷூவின் விலை ஒரு நாள் கூலியைத் தாண்டாது. உரிய நேரத்தில் ஒருவர் பார்த்துச் சொல்லாததுதான் குறை.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும், அதற்குட்பட்டவற்றுக்கு இரு சக்கரத்தையும் இணைத்த பிரேக்கும் கட்டாயமாயின. வரவேற்க வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் பேடே தேய்ந்துபோன சக்கரத்தில் ஏ.பி.எஸ். என்ன செய்யும்? தொழிற்சாலையில் கொடுத்த பாதுகாப்பைத் தெருவில் காப்பாற்ற வழி வேண்டாமா?

வெளிநாட்டு அனுபவம்

இங்கிலாந்தில் வாகனச் சோதனை 1960-இல் தொடங்கியது. இப்போது மூன்றாண்டு நிறைந்த மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்ல வேண்டும். பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், ஃபோர்க், செயின், சட்டம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். எஞ்சினின் நிலையைப் பார்ப்பதே இல்லை. நம் ஊரில் வாங்குகிறவர் பார்ப்பதற்கு நேர்மாறு! அங்கும் இருசக்கர வாகனங்களில் மிகுதியாகப் பிடிபடுவது விளக்கு, சிக்னல் குறைகள்தாம்.

அந்த ஏற்பாட்டில் இரண்டு அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. இன்னும் கெடவில்லை, ஆனால் விரைவில் கெடும் என்ற நிலையில் உள்ள பாகங்களை ஆலோசனையாக எழுதிக் கொடுக்கிறார்கள். வண்டியின் எண்ணைக் கொண்டு அதன் பழைய சோதனை முடிவுகளை யாரும் பார்த்துக்கொள்ளலாம். பழைய வண்டி வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி ஏது?

பிரான்ஸ் நாட்டில் 2024 ஏப்ரலில்தான் மோட்டார் சைக்கிள் சோதனை நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் சங்கங்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராடின. விபத்துகளில் இயந்திரக் கோளாறால் நேர்பவை மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம்.

ஆட்சேபங்கள்

அந்த வாதத்தை இங்கும் அலட்சியப்படுத்த முடியாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பெரும்பாலான மரணங்களுக்கு அதிவேகமே காரணம் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. ஹெல்மெட் அணியாமல் உயிரிழந்தவர்களும் ஏராளம். சோதனை வந்தால் இவையெல்லாம் நின்றுவிடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேகமாக வந்தவனுக்கும் மெதுவாக வந்தவனுக்கும் கடைசி நொடியில் உதவ வேண்டியது பிரேக்தான். அது பிடித்ததா இல்லையா என்பது காவல் நிலையக் குறிப்பில் இடம்பெறுவது அரிது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. புகைச் சான்று சில இடங்களில் எந்த அழகில் வழங்கப்படுகிறது என்பது ஊரறிந்த ரகசியம். ஆண்டுச் சோதனை வந்தால் கைநீட்ட இன்னொரு ஜன்னல் திறக்கும் என்று மக்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. கட்டணச் சுமையும் ஏறிக்கொண்டே இருக்கிறது. 15 ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளின் பதிவைப் புதுப்பிக்க 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாயிற்று. சோதனை என்ற பெயரில் வசூல் நடக்குமானால் அது வேண்டியதில்லை.

யார் தலையில் விடிகிறது?

ஆனாலும் இப்போதைய நிலை யாரைப் பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும். வசதியுள்ளவர் நான்கைந்து ஆண்டுகளில் வண்டியை விற்றுவிடுகிறார். அது இரண்டு கை மாறி, தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வேலை தேடிப் பெங்களூர் வந்த இளைஞனிடம் சேர்கிறது. முந்தியவர்கள் சரிசெய்யாமல் தள்ளிப்போட்ட பழுதுகள் அனைத்தும் அவன் தலையில் விடிகின்றன. அதே வண்டியில் அவன் நாள் முழுவதும் உணவுப் பொட்டலம் கொண்டு செல்கிறான். அவனோடு ஒரே சாலையில் ஓடும் ஆட்டோ ரிக்‌ஷாவுக்குத் தகுதிச் சான்று உண்டு. சொந்த எண் பலகையோடு பிழைப்புக்காக ஓடும் அவன் வண்டிக்கு இல்லை.

தமிழ்நாட்டுப் பதிவு எண்ணோடு இங்கே ஓடும் வண்டிகளின் கதையும் இப்படியே. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தடையின்மைச் சான்றுக்காகப் பழைய ஊருக்கு அலைவதற்கும் இங்கே ஆயுள் வரி கட்டுவதற்கும் அஞ்சிப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வழியில் நிறுத்தினாலும் பேச்சு வரியைப் பற்றித்தான், பிரேக்கைப் பற்றியல்ல.

செய்ய வேண்டியவை

எல்லா வண்டிகளுக்கும் நாளையே ஆண்டுச் சோதனை என்று ஆணையிட்டால் அது ஏட்டோடு நின்றுவிடும். முதற்படியாக, பெயர் மாற்றத்தின்போதும் மாநிலம் மாறிப் பதிவு செய்யும்போதும் பத்தே அம்சங்கள் கொண்ட சோதனையைக் கட்டாயமாக்கலாம். எஞ்சினை விட்டுவிட்டு பிரேக், டயர், விளக்கு, ஹேண்டில், செயின் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். பிழைப்புக்காக வண்டி ஓட்டுவோருக்கு ஆண்டுதோறும் சோதனை வேண்டும். அதன் செலவை அவர்கள் உழைப்பில் லாபம் காணும் கம்பெனிகள் ஏற்க வேண்டும். சோதிப்பவரே பழுதுபார்ப்பவராக இருக்கக் கூடாது. முடிவு வண்டி எண்ணோடு பதிவாகி, வாங்குகிறவர் எவரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். முதல் முறை குறை கண்டால் அபராதம் இல்லாமல், சரிசெய்து வர அவகாசம் கொடுக்க வேண்டும்.

அரசு இதைச் செய்யும்வரை வண்டி வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டிட்டு மாலை போடாத வீடு இல்லை. அந்த நாளுக்கு முன்னால் ஒரு மணி நேரம் மெக்கானிக்கிடம் விட்டு இந்தப் பத்து அம்சங்களையும் பார்த்துவிட்டால், ஆண்டுச் சோதனை சட்டமில்லாமலே நடந்து முடிந்துவிடும்.