சிக்கனம் அடுப்படிக்கு மட்டும்தானா?

மாதம் 20 தேதியைத் தாண்டிவிட்டால் போதும், நமது வீடுகளில் ஒரு பயான் தொடங்கிவிடுகிறது. பள்ளிவாசல் மேடையில் அல்ல, வீட்டுக் கூடத்தில்!

"எண்ணெய் அதுக்குள்ள தீந்து போச்சா? கேஸ் போன வாரம்தானே மாத்தினோம்? நீ கொஞ்சம் கையைச் சுருக்கிச் செலவு பண்ணக் கூடாதா?"

பயான் செய்பவர் குடும்பத் தலைவர். கேட்டுக் கொண்டிருப்பவர் அவருடைய மனைவி. பேசி முடித்ததும் தலைவர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறார். அவள் எண்ணெய்ப் பாக்கெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு இறங்கும் வரை காத்து நிற்கிறாள்.

சிக்கனம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. வீண் விரயம் கூடாது என்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நாம் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். இந்தச் சிக்கனம் யாருக்கு? அடுப்படிக்கு மட்டும்தானா?

அவள் இன்னும் எதைக் குறைப்பாள்?

கிலோ 30 ரூபாய் துவரம் பருப்புக்காகவும் 25 ரூபாய் பாமாயிலுக்காகவும், 'ஸ்டாக் வரலை' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு, ரேஷன் கடைக்கு மூன்று முறை நடப்பவள் யார்? 2021-இல் மகளிருக்குக் கட்டணமில்லா டவுன் பஸ் வந்த நாள் முதல், ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு அரை மணி நேரம் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பவள் யார்? காலையில் விலை அதிகம் என்று, சாயங்காலம் விலை இறங்கிய பிறகு மீன் வாங்கப் போகிறவள் யார்? மூத்தவன் சட்டையை இளையவனுக்குப் பிடித்துத் தைத்துப் போடுகிறவள் யார்?

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் போய்ப் பாருங்கள். சமையல் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்கிறாள். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி ஆயிரம் எண்ணிக்கை சேர்த்தால்தான் கூலி. அதிலும் கழிவு என்று ஒதுக்கப்பட்டவை போக மீதிதான் கணக்கு. அந்தப் பணம் எங்கே போகிறது? மகளுடைய டியூஷனுக்கும், அத்தாவுடைய சுகர் மாத்திரைக்கும்! 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும் பல வீடுகளில் அவள் கையில் ஒரு நாள் தங்குவதில்லை. குழுத் தவணைக்குப் போய்விடுகிறது.

இவளிடம்தான் நாம் சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறோம். வெட்கமாக இல்லையா?

55-ஆ, 68-ஆ?

வாருங்கள், கணக்குப் பார்ப்போம். ஒரு டீ 12 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நான்கு டீ, 48 ரூபாய். இரண்டு வடை 20 ரூபாய். ஆக மொத்தம் 68 ரூபாய். மாதத்திற்கு 2,040 ரூபாய்! சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கூட்டிக் கொள்ளட்டும்.

ரேஷனில் ஒரு கிலோ பருப்பும் ஒரு பாக்கெட் பாமாயிலும் சேர்ந்து 55 ரூபாய். ஒரு மாதம் முழுவதும் அந்தப் பருப்பை நீட்டி நீட்டிக் குழம்பு வைக்கிறாள் அவள். அதைவிட அதிகமான பணத்தை ஒரே நாளில் டீக்கடையில் வைத்துவிட்டு வருகிறோம் நாம். பிறகு வீட்டுக்கு வந்து, 'எண்ணெய் தீர்ந்து போச்சா' என்று கேட்கிறோம்!

டீ குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று வேலை செய்பவனுக்கு டீ ஆடம்பரம் அல்ல. ஆனால் அதையும் வீட்டுக் கணக்கில் எழுது என்கிறோம். ஆணின் செலவு கணக்கில் வராது, பெண்ணின் செலவு மட்டும் பைசா பைசாவாக வரும் என்றால் அது சிக்கனம் அல்ல, அதிகாரம்!

இளைஞனே, வட்டியில்லாத் தவணை என்று நம்பினாயா?

இளைஞர்களுக்கு விரித்திருக்கும் வலை வேறு. 'முன்பணம் இல்லை, வட்டி இல்லை, இப்போதே எடுத்துச் செல்லுங்கள்!' வட்டி என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கும் நமது பிள்ளைகள் இந்த விளம்பரத்தில் நிம்மதியாக விழுகிறார்கள்.

20,000 ரூபாய் செல்போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ரொக்கம் கொடுத்தால் 1,500 ரூபாய் தள்ளுபடி. தவணையில் எடுத்தால் தள்ளுபடி கிடையாது. மேலே 'பைல் சார்ஜ்' 500 ரூபாய். பக்கத்துக் கவுண்டரில் 18,500 ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு நீ கட்டுவது 20,500 ரூபாய். இடையிலுள்ள 2,000 ரூபாய்க்கு என்ன பெயர்? பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? பூஜ்யம் சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கியே சொல்லிவிட்டது. கட்டணம் என்ற பெயரில் வட்டியை மறைக்கக் கூடாது என்று கண்டித்தது. ரிசர்வ் வங்கிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை!

போன் தவணை, பைக் தவணை, பிறகு இரண்டையும் கட்ட முடியாமல் செல்போன் செயலியில் அவசரக் கடன். முதல் தேதி சம்பளம் வந்ததும் பாதிப் பணம் உம்மாவின் கைக்கு வரும் முன்னே கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. இருபத்து மூன்று வயதில் மூன்று தவணை! இதில் கல்யாணம் வேறு. வாழ்த்த வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிரியாணிக் கடனை ஆண்டுக்கணக்கில் அடைப்பது யார்?

வியாபாரிகளே, உங்களிடமும் கேட்கிறோம்

காலையில் காய்கறி வண்டி தள்ளுபவரிடம் தண்டல்காரர் 10,000 ரூபாய்க் கடன் எழுதுகிறார். கையில் கொடுப்பது 8,500 ரூபாய். மீதி 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார். பிறகு தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். மேலோட்டமாகப் பார்த்தால் 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் கடன் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பதாவது நாளில் கிட்டத்தட்ட பாதியை அடைத்து விடுகிறார். அப்படிப் பார்த்தால் சராசரியாக அவர் கையில் இருந்த கடன் 4,250 ரூபாய் அளவுதான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய்! ஆண்டுக்குக் கணக்கிட்டால் 100 சதவீதத்தைத் தாண்டி ஓடுகிறது.

வட்டி பாவம் என்று பேசும் நமது தெருக்களிலேயே, 'பங்கு', 'லாபம்', 'ரொட்டேஷன்' என்று பெயர் வைத்து இதில் பணம் போட்டிருப்பவர்கள் இல்லையா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு பச்சைக் குழந்தைகளும் தீயில் கருகினார்கள். திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்பதுதான் அன்று எழுந்த குமுறல். அந்தக் குடும்பத்தைப் பார்த்து, 'கொஞ்சம் சிக்கனமாக இருந்திருக்கலாமே' என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் உண்டா?

இன்னொன்று. கடைப் பையனுக்குச் சம்பளத்தை முதல் தேதி கொடுக்காமல் பத்தாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று இழுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். 'எங்கே போய்விடப் போகிறது, என்னிடம்தானே இருக்கிறது' என்பார்கள். உங்களிடம் இருக்கும் அந்தப் பத்து நாளில்தான் அவன் மனைவி கம்மலை அடகு வைக்கிறாள். உங்கள் தாமதத்திற்கு வட்டி கட்டுவது அவள்!

ஆட்சியாளர்கள் நடத்தும் பாடம்

ஏழை சிக்கனமாக இல்லாததால்தான் ஏழையாக இருக்கிறான் என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அவர்களுக்கும் இரண்டு கணக்கு.

2022 ஜூலை 18 முதல், அச்சிட்ட பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் போனால் வரி கிடையாது. உடனே சந்தைக்கு 26 கிலோ மூட்டை வந்துவிட்டது! மூட்டையாக வாங்க வசதி உள்ளவருக்கு வரி இல்லை. கையில் காசு இருக்கும் அளவுக்கு ஐந்து கிலோ பை வாங்குபவருக்கு வரி உண்டு. சில்லறையாக அளந்து விற்கும் நமது தெருமுனை மளிகைக்கடைதான் அவருக்கு மிச்சமிருக்கும் நிழல்.

மின்சாரத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி அப்போது இரண்டு மாதத்திற்கு 500 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,725 ரூபாய் வந்தது. 501 யூனிட் எரித்த வீட்டுக்கு 1,958 ரூபாய் வந்தது. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2.25 ரூபாய் சலுகை பறிபோய் 4.50 ரூபாய் ஆகிவிட்டதுதான் காரணம். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே மீட்டரில் வாழும் நமது வீடுகள்தான் இந்தக் கோட்டைத் தாண்டித் தடுக்கி விழுகின்றன.

ஆகவே சிக்கனம் என்பது வாயைக் கட்டுவது மட்டும் அல்ல. கணக்குக் கேட்பதும் சிக்கனம்தான். உரிமையைக் கேட்பதும் சிக்கனம்தான்! எடை குறைந்தால் தட்டிக் கேள். ரேஷனில் பருப்பு இல்லை என்றால் மனு எழுது.

என்ன செய்யலாம்?

முதல் தேதி இரவு வீட்டில் எல்லோரும் உட்காருங்கள். ஒரே நோட்டு. வாப்பாவின் டீயும் அதில் வர வேண்டும், மகனின் ரீசார்ஜும் வர வேண்டும், உம்மாவின் பீடிக் கூலியும் வர வேண்டும். வாடகை, அரிசி, பள்ளிக்கட்டணம், மருந்து இவற்றை முதலில் ஒதுக்குங்கள். கடன் இருந்தால் மனைவியிடம் மறைக்காதீர்கள். மறைத்த கடன்தான் வேகமாக வளர்கிறது.

மீட்டரை மாதம் ஒரு முறையாவது பாருங்கள். பில் வந்த பிறகு கத்திப் பயனில்லை. பாக்கெட் பொருளை எடுக்கும்போது, ஒரு கிராம் விலை என்ன என்று பின்பக்கத்தில் பாருங்கள். அதையும் அச்சிட வேண்டும் என்பது விதி. பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று நினைக்காதீர்கள். அதே பத்து ரூபாய் பிஸ்கட்டில் எடை குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரமலானில் மட்டும் வீட்டுச் செலவு இரட்டிப்பாவது ஏன் என்று யோசியுங்கள். பசியை உணர வந்த மாதத்தில் பலகாரக் கடைகளில் வரிசை நீளுகிறது!

வியாபாரிகளே, ஜமாஅத் நிர்வாகிகளே! பத்துக் கடைக்காரர்கள் மாதம் ஆயிரம் ரூபாய் போட்டால் ஓராண்டில் 1,20,000 ரூபாய். வண்டிக்காரர் பதினான்கு பேருக்கு 8,500 ரூபாய் வட்டியில்லாமல் கொடுக்கலாம். தினம் 85 ரூபாய் திருப்பிக் கட்டினால் நூறே நாளில் அசல் திரும்பிவிடும். அடுத்த பதினான்கு பேருக்குப் போகும். கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பைத்துல்மால் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டுப் பெட்டியைப் பூட்டி வைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

சகோதரர்களே! இந்த மாதம் 20 தேதி வரும். எண்ணெய் தீரத்தான் செய்யும். அப்போது அடுப்படியைப் பார்த்துக் குரலை உயர்த்தும் முன், சட்டைப் பையில் கை விட்டுப் பாருங்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்பது தெரியும்!