கண்ணுக்குத் தெரியாத விளக்கு

மாமல்லபுரம் போகிறவர்கள் குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கத்தைப் பார்க்காமல் திரும்புவது இல்லை.

அதன் அருகில் பல்லவர் காலத்து ஒலக்கணேஸ்வரர் கோவில் இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் அந்தக் கோவிலின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. இப்போதுள்ள கோபுரம் பிறகு எழுந்தது.

அந்த விளக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெரிய கப்பலுக்கும் அதே வெளிச்சம். கொக்கிலமேட்டுக் கட்டுமரத்துக்கும் அதே வெளிச்சம்.

புது விளக்கு

இன்று கடலுக்கு வேறொரு விளக்கு வந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. 'ஏ.ஐ.எஸ்.' என்னும் ரேடியோ கருவிதான் அது.

கப்பலின் பெயர் என்ன? எங்கே இருக்கிறது? எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது? இவற்றை அது தானாகவே அடிக்கடி சொல்லிக்கொண்டு இருக்கும். பக்கத்துக் கப்பலின் கம்ப்யூட்டர் திரையில் அது புள்ளியாகத் தெரியும். இருட்டானாலும் தெரியும். மூடுபனியிலும் தெரியும்.

வெளிநாடு செல்லும், 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களில் 2004-ம் ஆண்டு முடிவுக்குள் இக்கருவி இருக்கவேண்டும் என்று உலக நாடுகள் விதி செய்தன.

படகுக்கு என்ன வழி?

தேவனேரி, சதுரங்கப்பட்டினம் மீனவர்கள் சிறிய ஃபைபர் படகில் போகிறார்கள். அவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கருவி இல்லாத படகு, கப்பலின் திரையில் புள்ளியாக விழாது. ஃபைபர் படகு ரேடாரிலும் எளிதில் தெரியாது. இரவில் வலை விரித்துக் காத்திருப்பவருக்குத் துணை, ஒரு சிறு விளக்குதான். கரையில் அவர் குடும்பம் காத்திருக்கிறது.

1 லட்சம் மீன்பிடி படகுகளுக்குச் செயற்கைக்கோள் கருவியை இலவசமாகத் தரும் திட்டத்தை, 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. ஆபத்தில் கரைக்குச் செய்தி சொல்லலாம். புயல் எச்சரிக்கையும் பெறலாம். பாராட்டவேண்டிய காரியம். 2017-ல் ஒகி புயல் வந்தபோது, செய்தி எட்டாத ஆழ்கடலில் மீனவர்கள் மாண்டதை மறக்க முடியுமா?

ஆனால், கரைக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. எதிரே வரும் கப்பலுக்கும் படகு தெரியவேண்டும். அதற்கான கருவியும் ஏழை மீனவருக்குக் கிடைக்கவேண்டும்.

விழித்த கண்

இன்னொன்றும் உண்டு. 2017 ஜனவரி 28-ந் தேதி அதிகாலை, எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். இரண்டுமே இக்கருவி வைத்திருக்கவேண்டிய பெரிய கப்பல்கள்!

கருவி சொல்லும். கேட்கவேண்டியவன் மனிதன். கப்பலில் காவல் நிற்பவரின் கண் விழித்திருக்கவேண்டும்.

பழைய விளக்கு எல்லோருக்கும் பொதுவாக எரிந்தது. புது விளக்கும் அப்படியே ஆகட்டும்!