குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்



சிராமிக் பட்டறையில் அகல் விளக்கு செய்யும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மகன் ராத்திரி ஏதோ மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறானாம். வந்ததும் படுத்துவிடுகிறான், எழுப்பினால் எழுவதில்லை, குறட்டை மட்டும் பலமாக வருகிறது. "தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுவான்னு விட்டுடறேன் சார், சரிதானே?" என்று கேட்டிருந்தார்.

சரியில்லை அம்மா. ஏன் சரியில்லை என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகன் வயதில் பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

டிரமடால், டேபென்டடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகள் அபினைப் போலவே உடம்பில் வேலை செய்பவை. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும், வலியில் துடிக்கும் நோயாளிக்கும் டாக்டர் அளந்து கொடுப்பவை. டிரமடாலை 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு டேபென்டடாலின் பெயர் போலீஸ் செய்திகளில் அடிக்கடி வரத் தொடங்கியது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் இறந்துபோன செய்திகளைச் சென்னையிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

இந்த மருந்து அளவு மீறும்போது, மூச்சு விடச் சொல்லி மூளை இடும் உத்தரவு மங்கிப்போகிறது. நாக்கு தளர்ந்து தொண்டையில் விழுகிறது. பாதி அடைத்த வழியில் காற்று சிரமப்பட்டுப் போய்வரும் சத்தம்தான் வெளியே குறட்டையாகக் கேட்கிறது. சில நேரம் தொண்டையில் நீர் கொப்பளிப்பது போலவும் இருக்கும். வீட்டில் எல்லோரும் அயர்ந்த தூக்கம் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். காலையில் உடம்பு சில்லிட்டிருக்கும். இந்தச் சாவு பெரும்பாலும் சட்டென்று வருவதில்லை. பல நேரங்களில் ஒரு மணி, இரண்டு மணி அவகாசம் கொடுத்துத்தான் வருகிறது. அந்த அவகாசத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து, என்ன செய்வது என்றும் தெரிந்திருந்தால் பிழைக்க வைத்துவிடலாம்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைப் பிடித்து உலுக்குங்கள். அசைவு இல்லையென்றால் நெஞ்சைப் பாருங்கள். ஐந்தாறு விநாடிக்கு ஒரு மூச்சுகூட வரவில்லை, உதடும் நகமும் நீலம் பாய்கிறது, கண்ணின் பாப்பா குண்டூசித் தலை போலச் சுருங்கியிருக்கிறது என்றால் அது தூக்கமல்ல. உடனே 108க்குச் சொல்லுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்பக்க முழங்காலை மடக்கி வையுங்கள். வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும். மூச்சு நின்றுவிட்டாலோ, எப்போதாவது ஒன்று வந்தாலோ, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். நெஞ்சு மேலே எழும்ப வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. நினைவில்லாதவருக்கு அது நேராக நுரையீரலுக்குப் போகும். கன்னத்தில் அறைவதும் குடம் தண்ணீர் கொட்டுவதும் நேரத்தைத்தான் தின்னும்.

ஆஸ்பத்திரியில் இதற்கு நலோக்சோன் என்ற மாற்று மருந்து உண்டு. அபின் வகை மருந்து மூளையில் போய் உட்காரும் இடத்திலிருந்து அதை விலக்கிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். 1961இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட பழைய மருந்துதான் இது. கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜாக் ஃபிஷ்மனின் வளர்ப்பு மகனே 2003இல் ஹெராயின் அளவு மீறி இறந்தார் என்பதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. மருந்து உலகத்தில் இருப்பது போதாது, அந்த ராத்திரியில் பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1996 முதலே போதைப் பழக்கம் உள்ளவர்களிடமும் அவர்கள் நண்பர்களிடமும் இதைக் கொடுத்து வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2014இல் இதையே எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது. நம் நாட்டில் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் தொண்டு அமைப்புகள் இதைச் செய்து உயிர்களை மீட்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நலோக்சோனின் வேகம் ஒரு மணி நேரம் போல்தான் நிற்கும். உள்ளே இருக்கும் மாத்திரை அதைவிட நீண்ட நேரம் இருக்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டானே என்று உடனே வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது.

இன்னொரு ஆபத்தான காலம் இருக்கிறது. மறுவாழ்வு மையத்திலிருந்தோ ஜெயிலிலிருந்தோ பிள்ளை வீடு திரும்பும் முதல் இரண்டு வாரம். நல்லபடியாக வந்துவிட்டான் என்று நாம் கவலையை இறக்கி வைக்கும் வாரம் அது. ஆனால் அந்த இடைவெளியில் அவன் உடம்பு மருந்தைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். மனம் தடுமாறி, பழைய அளவையே ஒருமுறை எடுத்தால்கூட உயிர் போய்விடலாம். சாராயத்தோடு சேர்த்தாலும், தூக்க மாத்திரையோடு சேர்த்தாலும் இதே கதிதான். "மறுபடி தொட்டால் வீட்டுப்படி ஏறாதே" என்று சொல்லி அனுப்பினால், தொட்டவன் எங்கேயாவது கழிப்பறையில் தாழிட்டுக்கொண்டு தனியாகத்தான் போடுவான். "தப்பு நடந்தாலும் என்னிடம் சொல், தனியாக மட்டும் இருக்காதே" என்று சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குப் புரிகிறது. இருந்தும் அதைச் சொல்லச் சொல்லித்தான் கேட்கிறேன்.

மாத்திரையைப் போலவே கள்ளச்சாராயமும் அவகாசம் கொடுத்துத்தான் கொல்கிறது. கள்ளக்குறிச்சி நம் விருத்தாசலத்துக்குப் பக்கத்து மாவட்டம். பழைய தென்னாற்காட்டில் நாம் எல்லோரும் ஒரே மாவட்டத்துக்காரர்கள். 2024 ஜூன் 18ஆம் தேதியும் அதற்கு மறுநாளும் அங்கே கருணாபுரத்தில் நடந்ததை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் இறந்தார்கள். தாயையும் தகப்பனையும் சேர்த்து இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்திருந்தோம்.

மெத்தனால் குடித்த அன்றே கொல்வதில்லை. ஈரல் அதை மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பையும் உயிரையும் எடுக்கிறது. அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், கண் மங்கல் எல்லாம் வரும். அப்போது டாக்டர்கள் ஃபோமெபிசோல் கொடுப்பார்கள். அது இல்லாத இடத்தில் அளந்த எத்தனால் கொடுத்து ஈரலின் கவனத்தைத் திருப்புவார்கள், டயாலிசிஸ் செய்வார்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையோடு செய்ய வேண்டிய வைத்தியம். வீட்டில் ஒரு குவார்ட்டர் ஊற்றிச் சரிசெய்யும் வேலை அல்ல. கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம்தான் காரணம் என்று உடனே ஒப்புக்கொள்ளப்படவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. பிறகு ஜிப்மர், சேலம், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிகளுக்கு ஆம்புலன்ஸ்கள் ஓடின.

அதன்பின் சட்டத்தைத் திருத்தி, விற்பவருக்கு ஆயுள் சிறை வரை தண்டனையை உயர்த்தினார்கள். நல்லது. ஆனால் "குடித்த மறுநாள் கண் மங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதே, என்ன குடித்தாய் என்று டாக்டரிடம் மறைக்காதே" என்று எத்தனை ஊர்ச் சுவரில் எழுதி வைத்தோம்? அந்த இரண்டு வரி சில உயிர்களையாவது காப்பாற்றியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறைப்பதற்குக் காரணம் பயம். போலீஸ் கேஸ் ஆகிவிடும், அக்கம்பக்கம் பேசும், தங்கை கல்யாணம் தட்டிப்போகும். சாலை விபத்து விஷயத்தில் இந்தப் பயத்தை நாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒழித்திருக்கிறோம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2019இல் அது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஏறியது. 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யார், எவர் என்று கேட்காமல் அரசே செலவு செய்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி விழுந்தவனையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறோம். மாத்திரை போட்டு மயங்கிக் கிடக்கும் நண்பனைத் தூக்கிவரும் பையனுக்கு அதே பாதுகாப்பு ஏன் இல்லை? அவன் பயந்து, நண்பனைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு ஓடினால் பழியை அவன் மீது மட்டும் போட முடியுமா? விஷம், மருந்து சம்பந்தப்பட்ட கேஸ்களை ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தெரிவிப்பது நடைமுறைதான். ஆனால் அது கைது அல்ல. தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டவருக்கு, சொந்த உபயோகம், சிறிய அளவு சம்பந்தப்பட்ட வழக்கிலிருந்து போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவே விலக்கு தருகிறது. கூடவந்து காப்பாற்றியவருக்கும் சட்டம் இப்படி வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

"போதையில் விழுந்தவனுக்கு இவ்வளவு பரிவா?" என்று சில வாசகர்கள் கேட்பீர்கள். விருத்தகாசி என்று பெயர் பெற்ற ஊர் இது. இங்கே உயிர் விடுபவரைப் பெரியநாயகி தன் மடியில் கிடத்தி முந்தானையால் விசிற, பழமலைநாதர் காதில் மந்திரம் ஓதுவார் என்பது தல புராணம். வாழ்ந்து முடித்தவர்களுக்கான ஆறுதல் அது. இருபது வயதில் போகிற பிள்ளைக்கு அதைச் சொல்ல என்னால் முடியாது. அவன் திருந்த வேண்டுமென்றால் முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

உயிர் பிழைத்தவனுக்கு அடுத்து வேண்டியது சிகிச்சை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தார். அடுத்த ஆண்டே, 1980இல், டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊரையும் கூட வைத்துக்கொண்டு சிகிச்சை அளித்தது அந்த அமைப்பு. அந்த மாதிரி இன்னும் நிறைய வேண்டும். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது.

பல வருஷம் தினமும் குடித்தவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்குவதும் ஆபத்து. கொதிக்கும் சூளையை அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கும் சாமான் விரிந்துபோகும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உடம்பும் அப்படித்தான். கை நடுக்கம், வியர்வை, இல்லாத உருவம் தெரிவது, வலிப்பு என்று இரண்டு மூன்று நாளில் உயிருக்கே ஆபத்து வந்துவிடலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாக நிறுத்த வேண்டும். மையத்தில் சேர்ப்பதாக இருந்தால் அரசு உரிமம் இருக்கிறதா, டாக்டர் வருகிறாரா, பிள்ளையைப் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு அனுப்பாதீர்கள்.

அவசரத்துக்கு 108. போதையிலிருந்து மீள ஆலோசனைக்கு 14446. மனசு தாங்காத நேரத்தில் பேச 14416. மூன்றும் கட்டணமில்லாத எண்கள். இந்த இதழின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கிழித்து மெடிக்கல் ஷாப்பில், ஆட்டோ ஸ்டாண்டில், பட்டறை வாசலில் ஒட்டுங்கள். மூச்சு கொடுக்கும் முறையை நேரில் செய்து காட்டி, பொம்மையில் பழக்கிவிட முன்வரும் டாக்டர்களும் செவிலியர்களும் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பட்டறை விடுமுறை நாளாகப் பார்த்து ஏற்பாடு செய்கிறோம். வீட்டில் இந்தக் கவலை உள்ளவர்களும் எழுதலாம். கேள்வியை டாக்டரிடம் காட்டிப் பதில் வாங்கி அடுத்த இதழில் போடுகிறோம். ஊரும் பேரும் வெளியே வராது.

அன்புடன்,
ஆசிரியர்