வாளி நீர் போகும் இடம்

மீன் தொட்டியில் கால் பங்கு நீரை மாற்றுவதும், சம்ப் எனப்படும் கீழ்த்தொட்டியின் கசடை அள்ளுவதும் வளர்ப்போர் நன்கறிந்த பணிகள். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்நீரில் அலசினால் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் மடியும் என்பதையும் அறிவர். அழுக்கு வாளியை எங்கே கவிழ்ப்பது என்பதை மட்டும் கடைக்காரர் சொல்வதில்லை.

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இது சிறிய கேள்வியன்று. ஆழியாற்று நீர் தமிழகத்திலிருந்து சித்தூர் வட்டத்துக்குப் பாய்கிறது. தேக்கடி நீரோ சுரங்கம் வழியே வைகைக்குச் செல்கிறது. ஆகவே வாய்க்காலில் கொட்டிய கசடிலுள்ள நத்தை முட்டையும் செடித்துண்டும் மாநில எல்லையையே கடக்கக்கூடும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அமேசானின் அரபைமாவும் வட அமெரிக்காவின் அலிகேட்டர் காரும் பிடிபட்டன. வளர்ப்பிடங்களிலிருந்து அவை தப்பியதற்கு வெள்ளத்தைக் காரணம் காட்டலாம். வாளியைக் கவிழ்ப்பவர் அவ்வாறு சொல்ல இயலாது. மலையோடைகளின் ‘மிஸ் கேரளா’ மீனைத் தொட்டிக்காகப் பிடித்துக் குறைத்ததோடு, அதன் வீட்டுக்குள் அயல் உயிர்களையும் அனுப்புவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

நன்னீர்த் தொட்டியின் கசடு தென்னைக்கு நல்ல உரம். (உப்புநீர்த் தொட்டிக்கு இது பொருந்தாது.) வாய்க்காலுக்கு எட்டாத தென்னந்தூரில் ஊற்றுமாறு வாங்குவோருக்கு அறிவுறுத்துவதை, மீன் கடை உரிமத்தின் நிபந்தனையாகவே எல்லையின் இருபுறத்து உள்ளாட்சிகளும் சேர்க்க வேண்டும்.