இரவுக்கு இரண்டு நீதியா?

மாநகரத்து இரவைப் பற்றிப் பேசுவோர் இரு சாரார். விடிய விடிய விளக்கெரிந்தால்தான் நகரம் வளரும், கேளிக்கைக்குக் கதவு திறங்கள் என்பார் ஒரு சாரார். ஆடுகின்ற பெண்ணை ஒழித்துவிட்டால் ஒழுக்கம் தானாக நிலைபெறும் என்பார் மறுசாரார். முன்னவரோடு நமக்கு உடன்பாடில்லை. மதுவும் அதைச் சூழ்ந்து நடக்கும் கூத்தும் நமக்கு ஹராம். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. ஆயினும் நான் வாதாட வந்தது பின்னவரோடுதான். ஏனெனில் அவர்களுள் பலர் நம்மவர்.

பம்பாய் என்று நம் முன்னோர் அழைத்துப் பழகிய மும்பையில் நடந்ததைப் பாருங்கள். மது விடுதிகளில் திரைப்பாடல்களுக்குப் பெண்கள் ஆட, வந்தவர்கள் ரூபாய்த் தாள்களை வாரி இறைக்கும் வழக்கம் அங்கே பெருகியிருந்தது. 'டான்ஸ் பார்' என்பது அவ்விடங்களின் பெயர். 2005இல் மகாராஷ்டிர அரசு காவல் சட்டத்தைத் திருத்தி அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. நல்லோர் பலர் மகிழ்ந்தனர். ஆனால் அத்திருத்தத்தின் அடுத்த பிரிவைப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற்ற ஓட்டல்களுக்கும், உறுப்பினர் மட்டுமே நுழையும் ஜிம்கானாக்களுக்கும் அத்தடை பொருந்தாது என்றது அப்பிரிவு! பீர் பாரில் ஆடினால் குற்றம். பளிங்குத் தளத்தில் ஆடினால் கலை. இதுதானா ஒழுக்கம்?

இந்தப் பாகுபாட்டை ஏற்க மறுத்து 2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையைச் செல்லாததாக்கியது. 2013இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தடையால் 75,000க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை இழந்தனர் என்றும், அவர்களில் பலர் குடும்பத்தைக் காக்க விபசாரத்துக்குத் தள்ளப்பட்டனர் என்றும் அத்தீர்ப்பு சுட்டிக்காட்டிற்று. ஒரு பாவத்தை அடைக்கப் போய் அதனினும் பெரிய பாவத்துக்கு வாசல் திறந்துவிட்ட சட்டத்தைச் சீர்திருத்தம் என்று எப்படிச் சொல்வது?

வசதியுள்ளோர் இரவின் கதை வேறு. 1982இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் ஆலைகள் பல மீளவேயில்லை. இராப்பாளி முடித்துத் தொழிலாளி களைத்து வெளியேறிய வளாகங்களில் இன்று உணவகங்களும் மதுக்கூடங்களும் நிற்கின்றன. அத்தகைய கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்து கூரைமேல் உணவகத்தில் தீப்பிடித்து 14 உயிர்கள் மாண்டன. விதிமீறல்கள் இருந்தன என்பது விசாரணையில் தெரிந்தது. டான்ஸ் பாரில் கண்காணிப்புக் கேமரா வைக்க வேண்டும் என்று 2016இல் விதி வகுத்த அரசின் கண்ணுக்கு இந்தக் கூரை தெரியவில்லை. அந்தக் கேமரா விதியையும் 2019இல் உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டது.

மக்ஸூம் குலத்துப் பெண் ஒருத்தி திருடியபோது அவளுக்காகப் பரிந்து பேச வந்த உஸாமா (ரலி) அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது நமக்குத் தெரியாததா? உயர்குடியினர் திருடினால் விட்டுவிடுவதும் எளியோர் திருடினால் தண்டிப்பதுமே முன்னிருந்தோரை அழித்தது என்று எச்சரித்தார்களே! இதை மிம்பரில் நின்று எடுத்தோதும் நாம், நட்சத்திர எண்ணிக்கையால் பாவத்தை அளந்த சட்டத்துக்குக் கை தட்டலாமா?

"அப்படியானால் ஆட்டத்தை ஆதரிக்கிறீரா?" என்று சீறுவோர் உண்டு. இல்லை, ஐயா! பார்வையைத் தாழ்த்துமாறு கூறும் சூரத்துந் நூர், அக்கட்டளையை முதலில் ஆண்களுக்கே விதித்துப் பின்னரே பெண்களுக்கு விதிக்கிறது. அந்த வரிசையை மாற்ற நமக்கு உரிமை ஏது? அந்த மேடைக்கு வறுமை பெண்ணை அனுப்புகிறது. பணப்பை ஆணை அனுப்புகிறது. பசியோடு வந்தவளை மட்டும் தூற்றிவிட்டுப் பணத்தோடு போனவனைப் 'பையன் வயது, திருந்திவிடுவான்' என்று தட்டிக்கொடுப்பது மார்க்கப் பற்று ஆகாது.

பெருநகரங்களுக்குப் பிழைக்கப் போன நம் பிள்ளைகள் அனுப்பும் பணத்தை எண்ணிப் பார்க்கிறோம். இஷாவுக்குப் பிறகு அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா? நம் மஹல்லாவில் கணவனால் கைவிடப்பட்டு, பிள்ளைகளோடு வாடகை வீட்டில் தவிக்கும் பெண்ணின் கதவை ஸகாத் கொண்டு தட்டியதுண்டா? அந்தக் கதவை நாம் தட்டாவிட்டால், மாநகரத்திலிருந்து வேலை தருவதாகச் சொல்லி வரும் தரகன் தட்டுவான். அதன்பின் அவள் எந்த மேடையில் நிற்கிறாள் என்று பழிக்க நமக்கு வாயில்லை.